வைஃபை பிடிக்காத லெப்டொப்பை வீசிவிடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய லெப்டொப் சும்மா கிடக்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து ஒன்றை அனுப்ப நினைக்கிறவர்கள், பிள்ளை ஏ.எல். படிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். மற்றவர்கள் தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்பிவிட்டால் போதும்.

சில மாதங்களாக உப்புக்குளத்தில் எங்களிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சேர், லெப்டொப்புக்கு லினக்ஸ் போட்டம். எல்லாம் வேலை செய்யுது. வைஃபை மட்டும் இல்ல. இனி இத என்ன செய்யிற?" பள்ளிவாசல் வாசலிலும் கேட்கிறார்கள், கடையில் சாமான் வாங்கும்போதும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரு தடவை எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தோம். நாங்கள் என்றால் மூன்று பேர். இரண்டு ஆசிரியர்கள், எங்களிடம் படித்து இப்போது போன் ரிப்பெயார் செய்யும் ஒரு தம்பி.

முதலில், இந்தக் கேள்வி ஏன் இப்போது இவ்வளவு வருகிறது?

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. பதிவு செய்து கொள்கிறவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் நீடித்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை புரொசசராவது வேண்டும். அதற்கு முந்திய லெப்டொப் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பட்டியலில் இல்லை. அதனால் வெளிநாட்டு ஒஃபிஸ்களில் நல்ல நிலையில் இருக்கும் லெப்டொப்புகளையே கழிக்கிறார்கள். அதில் சிலது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று பார்சலில் வருகிறது.

இந்தப் பக்கம் எங்கள் நிலைமை எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அதோடு புது லெப்டொப் என்பது கடலுக்குப் போகிற வீட்டுக்கும் கூலி வேலை செய்கிற வீட்டுக்கும் எட்டாத சாமானாகிவிட்டது. ஆகவே வருகிற பழையதை ஓட வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கள்ளக் கொப்பி விண்டோஸைக் கிரெக் போட்டு ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளைக்குப் படிக்கக் கொடுக்கிற சாமானை அப்படிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அமானிதம் என்ற விசயம் ஒரு பக்கம். கிரெக் ஃபைல்களோடு வைரஸும் சேர்ந்து வருவது இன்னொரு பக்கம். ஆகவே லினக்ஸ் மின்ட் போட்டோம். காசு இல்லை. 2 ஜிபி ரெம் இருந்தாலே எழும்பும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். 2024இல் வந்த 22ஆவது பதிப்புக்கு 2029 வரைக்கும் அப்டேட் கிடைக்கும். தமிழ் டைப் பண்ண ரெங்கநாதன் கீபோர்ட்டையும் சேர்த்துக் கொள்ளலாம்.

ஆனால் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். லெப்டொப்பைச் செய்த கம்பனி அதை விண்டோஸுக்கென்றுதான் செய்தது. லினக்ஸ் ஓடும் என்று அந்தக் கம்பனி எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. கூகிள் 2022இல் வெளியிட்ட குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸும் இப்படித்தான். பரீட்சித்துப் பார்த்த மொடல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டியலில் இல்லாத மெஷினில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. திரை வரும், கீபோர்ட் வரும், சத்தமும் பெரும்பாலும் வரும். அடிக்கடி வராமல் போவது வைஃபை. வைஃபை இல்லாவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் லெப்டொப்பே பழுது என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் கைக்கு இதுவரை வந்தது ஐந்து லெப்டொப். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் நானா ஒருவர் மூன்று அனுப்பினார். ஒன்று புத்தளத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் கொடுத்தது. 1990 ஒக்டோபருக்குப் பிறகு எங்கள் குடும்பங்கள் பாதி அங்கும் பாதி இங்குமாக இருக்கின்றன, சாமான்களும் அப்படியே போய் வரும். ஐந்தாவது இங்கேயே ஒரு வீட்டில் அலுமாரிக்கு மேல் கிடந்தது. ஐந்திலும் மின்ட் போட்டோம். ஐந்திலும் வைஃபை வரவில்லை. ஆனால் ஐந்துக்கும் ஐந்து வேறு காரணம். இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வருவதே இதுதான்: "வைஃபை வேலை செய்யவில்லை" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்று சொல்வது மாதிரி. உள்ளே என்ன என்று பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும், போனில் இருக்கிற டேட்டாவை வயர் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று எங்களில் ஒருவரே கேட்டார். ஒரு பிள்ளையின் விசயத்தைச் சொன்னால் விளங்கும்.

பிள்ளை ஏ.எல். உயிரியல் பிரிவு. கிழமையில் இரண்டு நாள் இரவு 8 மணிக்கு ஸூம் வகுப்பு. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட் போன் வாப்பாவுடையது. வாப்பா தொழிலுக்குப் போகிறவர். அஸர் தொழுதுவிட்டு வள்ளத்தில் ஏறினால் சுபஹோடுதான் கரைக்கு வருவார். போனைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு போவார். கடலில் ஒன்று நடந்தால் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று எந்தப் பிள்ளையும் சொல்ல முடியாது. கச்சான் பலமாக அடித்துத் தொழில் இல்லாத நாட்களில் மட்டும் பிள்ளைக்கு வகுப்புக் கிடைக்கும். வாப்பாவுக்கு உழைப்பு இருக்கிற நாளில் மகளுக்குப் படிப்பு இல்லை, மகளுக்குப் படிப்பு இருக்கிற நாளில் வாப்பாவுக்கு உழைப்பு இல்லை.

இரண்டு வீடு தள்ளி ஒரு ராத்தா வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. அயல் வீட்டு வைஃபையைக் கேட்காமல் பாவிப்பது கூடாது. பாஸ்வேர்ட் தெரிந்திருந்தாலும் கூடாது. ஆகவே போய்க் கேட்டோம். "புள்ள படிக்கத்தானே, இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்று ராத்தா சொன்னார். மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பதாகப் பிள்ளையின் உம்மா பேசி முடித்தார். ஆகவே அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற லெப்டொப், போன் இல்லாமல், வயர் இல்லாமல், இரண்டு சுவருக்கு அங்கால் இருக்கும் ரவுட்டரைத் தானே பிடிக்க வேண்டும். வைஃபை கட்டாயம் என்று நாங்கள் நின்றதற்குக் காரணம் இது.

இனி ஐந்து லெப்டொப்பின் கதை.

முதலாவது மிகவும் இலேசு. வைஃபையை அணைக்கும் சுவிட்ச் அணைந்திருந்தது. பழைய லெப்டொப்புகளில் பக்கத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், அல்லது மேல்வரிசையில் அன்டெனா படம் போட்ட கீ இருக்கும். எஃப்என் கீயோடு சேர்த்து அமர்த்த வேண்டும். டெர்மினலைத் திறந்து ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் அது சொல்லிவிடும். ஹார்ட் பிளொக் என்று வந்தால் சுவிட்ச் அணைந்திருக்கிறது. சொஃப்ட் பிளொக் என்று வந்தால் மென்பொருள் பூட்டியிருக்கிறது, அதை அங்கேயே திறந்துவிடலாம். இதைப் பார்க்காமல் யாரும் எதையும் கழற்ற வேண்டாம்.

இரண்டாவதில் சுவிட்ச் சரியாக இருந்தது. அடுத்து, உள்ளே இருக்கும் வைஃபை சிப் எது என்று பார்த்தோம். லெப்டொப்பின் பெயர் இதற்கு உதவாது. ஒரே மொடலிலும் கம்பனிகள் வெவ்வேறு சிப்பைப் போடுவதுண்டு. டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்தையும் சேர்த்து அடித்தால் மெஷினுக்குள் இருக்கும் சாமான்களின் பட்டியல் வரும். அதில் நெட்வேர்க் என்று இருக்கிற வரியைப் போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். வைத்தியருக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி அந்த ஒரு வரி. அது இல்லாமல் யாரிடம் கேட்டாலும் குத்துமதிப்பாகத்தான் பதில் வரும்.

இந்த இரண்டாவதில் சிப் தெரிந்தது, ஆனால் அது எழும்பவில்லை. காரணம் ஃபேர்ம்வெயார் என்ற ஒரு சிறு ஃபைல் இல்லை.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், பிள்ளைக்குத் தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போ என்பது. ஆகவே வள்ளத்தை வைத்தே சொல்கிறோம். வைஃபை சிப் என்பது வள்ளத்தின் எஞ்சின். டிரைவர் என்பது அதை ஓட்டுகிறவர், அவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறார். ஃபேர்ம்வெயார் என்பது எஞ்சினுக்குள் ஊற்றுகிற எண்ணெய். எஞ்சின் நல்லது, ஓட்டுகிறவரும் வந்துவிட்டார், எண்ணெய் இல்லாவிட்டால் வள்ளம் அசையாது. அந்த எண்ணெயை யார் விநியோகிக்கலாம் என்று எஞ்சின் கம்பனிதான் தீர்மானிக்கிறது. சில கம்பனிகள் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டன. சிலது விடவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த ஃபைல் இன்டர்நெட்டில்தான் கிடைக்கும். இன்டர்நெட்டுக்குப் போக வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்த ஃபைல் வேண்டும். வள்ளம் தலைமன்னாரில் நிற்கிறது, எண்ணெய்க் கடை இராமேஸ்வரத்தில் இருக்கிறது!

இதற்குத்தான் போன் உதவும். அன்ட்ரொய்ட் போனைச் சார்ஜ் வயரால் லெப்டொப்போடு இணைத்து, போனின் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டுவிட்டால், லினக்ஸ் அதை வயர் இணைப்பு என்று நினைத்து உடனே பிடித்துக் கொள்ளும். தனியாக ஒன்றும் போடத் தேவையில்லை. போனில் டேட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போன் ஏதாவது வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த இணைப்பையே லெப்டொப்புக்குக் கடத்தும். அரை மணித்தியாலம் போதும். அதற்குப் பிறகு மெனுவில் டிரைவர் மனேஜரைத் திறந்தால் இந்தச் சிப்புக்கு எது வேண்டும் என்று அதுவே காட்டும். போனும் இல்லை என்றால், மின்ட் போடப் பாவித்த பென் டிரைவைத் திரும்பச் செருகுங்கள். சில சிப்புகளுக்குரியது அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது லெப்டொப் இப்படிச் சரி வந்தது. டிரைவர் மனேஜர் ஒரு பெயரைக் காட்டியது, டிக் போட்டோம், ரீஸ்டார்ட் செய்தோம், மூலையில் வைஃபை அடையாளம் வந்தது. ரிப்பெயார் தம்பி "இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டார்.

இவ்வளவுதான். ஆனால் இவ்வளவு இலேசாக எங்கள் கைக்கு வருவதற்குப் பின்னால் ஆட்களின் வருசக் கணக்கான வேலை இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

உலகத்தில் நன்றாகப் பதிவான உதாரணம் பிரோட்கொம் என்ற கம்பனியின் வைஃபை சிப்புகள். 2000களின் ஆரம்பத்தில் ஏராளமான லெப்டொப்புகளில் அவை இருந்தன. கம்பனி லினக்ஸுக்கு டிரைவர் கொடுக்கவில்லை, சிப் எப்படி வேலை செய்கிறது என்ற விபரத்தையும் வெளியிடவில்லை. அந்தக் காலத்தில் ஆட்கள் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஒரு உறை போட்டு ஓட்டினார்கள். பிறகு 2005இல் சிலர் வேறு வழி எடுத்தார்கள். இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். முதல் கூட்டம் கம்பனியின் டிரைவரை ஆராய்ந்து, சிப்புக்கு எந்த நேரத்தில் என்ன கட்டளை போகிறது என்று எழுதி வைத்தது. இரண்டாவது கூட்டம் கம்பனியின் டிரைவரைத் தொடவே இல்லை. எழுதி வைத்ததை மட்டும் வாசித்துப் புது டிரைவரை எழுதியது. திருடினார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஒழுங்கு. அந்த டிரைவர் 2006இல் லினக்ஸுக்குள் சேர்ந்தது.

அப்போதும் எண்ணெய்ப் பிரச்சினை தீரவில்லை. ஃபேர்ம்வெயாரை விநியோகிக்க அனுமதி இல்லாததால், கம்பனியின் டிரைவரிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் ஒரு கருவியைச் செய்து கொடுத்தார்கள். பாவிக்கிறவர் தன் வீட்டில் தானே வெட்டி எடுக்க வேண்டும். இத்தாலியில் பிரேஷா பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் சில சிப்புகளுக்குத் திறந்த ஃபேர்ம்வெயாரையே புதிதாக எழுதினார்கள். 2010 செப்டெம்பரில்தான் பிரோட்கொம் தன்னுடைய சில புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. பழைய சிப் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தன்னார்வலர்கள் எழுதியதுதான் இன்றைக்கும் கை கொடுக்கிறது. ஆதெரொஸ் என்ற கம்பனியோ 2008இலேயே திறந்த டிரைவரைக் கொடுத்துவிட்டது. அதனால் அந்தச் சிப் உள்ள பழைய லெப்டொப்புகள் பெரும்பாலும் முதல் தடவையே வைஃபை பிடிக்கும்.

டெபியன் என்ற லினக்ஸ் 2023 வரைக்கும் இப்படிப்பட்ட மூடிய ஃபேர்ம்வெயாரைத் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டோல் டிஸ்க்கில் சேர்க்கவே இல்லை. முழுக்கத் திறந்த மென்பொருள் மட்டும் என்பது அவர்களது கொள்கை. ஆனால் அதனால் வைஃபை வராமல் திண்டாடுகிறவர்கள் அதிகம். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு வைத்து, சேர்த்தே கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து அப்படித்தான் வருகிறது. கொள்கையையும் விடாமல், பாவிக்கிறவரின் கஷ்டத்தையும் பார்த்து, மசூரா செய்து எடுத்த முடிவு என்று எங்களுக்குப் படுகிறது.

மூன்றாவது லெப்டொப்தான் அந்தப் பிள்ளைக்கென்று வைத்தது. அதில் வைஃபை வந்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் வேகமாக ஓடியது. அடுத்த அறைக்குக் கொண்டு போனால் அறுந்து போனது. இரண்டு வீடு தள்ளி என்றால் ரவுட்டரின் பெயரே தெரியவில்லை. அதே இடத்தில் போனை வைத்தால் மூன்று கோடு காட்டியது. ஆகவே ரவுட்டரில் குறை இல்லை.

சிப்பின் பெயரைப் போட்டுத் தேடினால் உலகம் முழுக்க ஆட்கள் இதே முறைப்பாட்டை எழுதியிருந்தார்கள். அந்த வைஃபை அட்டையில் அன்டெனா வயர் மாட்ட இரண்டு இடம் இருக்கிறது. செலவைக் குறைக்க லெப்டொப் கம்பனி ஒரு அன்டெனாதான் மாட்டியிருக்கிறது. டிரைவரோ வயர் மாட்டாத மற்ற இடத்தில் காது வைத்துக் கேட்டுக் கொண்டிருக்கிறது. இந்தக் காதால் கேள் என்று டிரைவருக்குச் சொல்ல ஒரு வரி போதும். அன்ட் செல் என்ற ஒரு அமைப்பு, 1 அல்லது 2 என்று எண் கொடுக்க வேண்டும். 1 போட்டுப் பார்த்தோம், மாற்றமில்லை. 2 போட்டதும் சிக்னல் எழும்பியது. ரீஸ்டார்ட் செய்த பிறகும் நிலைத்திருக்க அந்த வரியை ஒரு ஃபைலில் எழுதி வைத்தோம். லெப்டொப்பைத் திறக்கக்கூட இல்லை.

நான்காவது கொஞ்சம் புதியது. திரையில் கீறல் விழுந்ததால் ஒதுக்கியது. பழையதுக்குத்தான் பிரச்சினை வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், புதியதுக்கும் வரும். அதில் இருந்த வைஃபை சிப் மின்டோடு வந்த கேர்னலை விடப் புதியது. கேர்னல் என்பது லினக்ஸின் அடிப்பகுதி, டிரைவர்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. போனை வயரால் இணைத்து, அப்டேட் மனேஜரில் இன்னும் புதிய கேர்னலைத் தெரிவு செய்து போட்டோம். சரி வந்தது. இப்படிப் புதிய மெஷின்களில் செகியூர் பூட் என்ற பூட்டும் இருக்கும். தனியாகப் போடுகிற டிரைவரை அது உள்ளே விடாது. இன்ஸ்டோல் செய்யும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பாஸ்வேர்ட்டை அங்கே அடித்து ஒத்துக் கொள்ள வேண்டும். அதைத் தவற விடுகிறவர்கள்தான் "போட்டும் வரல" என்று வருகிறார்கள்.

ஐந்தாவது, அலுமாரிக்கு மேல் கிடந்தது. அதில் வைஃபை அட்டையே செத்துவிட்டது, பட்டியலில் பெயரே வரவில்லை. மன்னாரில் கடற்காற்றின் உப்பு எதைத்தான் விட்டு வைக்கிறது. வேறு அட்டை மாற்றலாம். ஆனால் சில லெப்டொப்புகளின் பயோஸ் தன் பட்டியலில் உள்ள அட்டையை மட்டும்தான் ஏற்கும். ஆகவே யுஎஸ்பியில் செருகுகிற சிறு வைஃபை ஒன்று வாங்கினோம். அதை வாங்கும்போது கவனம். பெட்டியில் லினக்ஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. டிரைவர் கேர்னலுக்குள்ளேயே இருக்கிற சிப்பா என்று கேட்டு வாங்குங்கள். ஆதெரொஸ் 9271, மீடியாடெக் 7601 என்ற இரண்டும் அப்படிப்பட்டவை. வேகம் சுமார்தான், ஆனால் செருகினால் ஓடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்பதால் சுவரைத் தாண்டிப் பிடிக்கும், படிப்புக்கு அது தாராளம்.

ஐந்தும் இப்போது ஐந்து வீட்டில் ஓடுகின்றன, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளை வாப்பா கடலுக்குப் போன இரவிலும் 8 மணிக்கு வகுப்பில் உட்கார்கிறார். ஈ-தக்சலாவ தளத்திலிருந்து பாடங்களையும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் புத்தகங்களையும் இறக்கி வைத்திருக்கிறார், நெட் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம். வாப்பாவிடம் ஒரு நாள் கரையில் கண்டு கேட்டோம். "மகள் போன் கேக்கிறதில்ல சேர் இப்ப. போறப்ப மனசு லேசா இரிக்கு" என்றார். அவர் போன் பையோடு நிம்மதியாக வள்ளம் ஏறுகிறார்.

இதில் எங்கள் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. ஐந்து பிரச்சினைக்கும் தீர்வை எங்கேயோ ஒருவர் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார். எங்களுக்கு ஆங்கிலத்தில் தேடவும் வாசிக்கவும் வேண்டியிருந்தது, அது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. தமிழில் கணியம் இதழ் 2012இலிருந்து இந்த விசயங்களை எழுதி வருகிறது, ஆர்வமுள்ள பிள்ளைகள் அதிலிருந்து தொடங்கலாம். எங்கள் நாட்டிலேயே ஃபெடோராவை அடிப்படையாக வைத்து ஹந்தான லினக்ஸ் என்ற ஒன்றைச் செய்தார்கள். கேரளாவில் அரசாங்கமே இதைக் கையில் எடுத்தது. 2019இல் கைட் என்ற அரசு நிறுவனம் பாடசாலைகளில் உள்ள 2 லட்சத்துக்கும் அதிகமான கொம்பியூட்டர்களுக்கு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தாங்களே தயாரித்த லினக்ஸைக் கொண்டு போனது. பாடசாலைக்கு எது வேண்டும் என்பதை அங்கே அவர்களே தீர்மானித்துக் கொள்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிதாக ஒன்றும் வேண்டாம். எங்கள் ஊருக்கு ஒரு கொப்பி போதும்.

அந்தக் கொப்பியைத் தொடங்கிவிட்டோம். 80 பக்கக் கொப்பி. ஒவ்வொரு லெப்டொப்புக்கும் ஒரு பக்கம்: மொடல், வைஃபை சிப்பின் பெயர், என்ன நடந்தது, எதைப் போட்டதும் சரி வந்தது, திகதி. ஐந்து பக்கம் நிரம்பியிருக்கிறது. எழுதுவது 10ஆம் வகுப்பில் ஐசிடி படிக்கும் இரண்டு பிள்ளைகள். நாளைக்கு எங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் கொப்பி ஊரில் இருக்கும்.

கடைசியாக, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்கள், சார்ஜரையும் சேர்த்து அனுப்புங்கள். உள்ளே உங்கள் சொந்தப் படங்களும் ஒஃபிஸ் ஃபைல்களும் இருந்தால் அனுப்ப முதல் அழித்துவிடுங்கள். பயோஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது பூட்டியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

லினக்ஸ் போட நினைக்கிறவர்கள், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டோல் செய்யாமலே வைஃபை வருகிறதா என்று தெரிந்துவிடும். வராவிட்டால் மேலே சொன்ன ஒழுங்கில் போங்கள்: சுவிட்ச், சிப்பின் பெயர், போன் வயர், டிரைவர் மனேஜர்.

ஏற்கெனவே போட்டு வைஃபை வராமல் மூடி வைத்திருக்கிறவர்கள், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். காசு இல்லை. சிப்பின் பெயர் உள்ள வரியைப் படம் எடுத்துக் கொண்டு வந்தால் நேரம் மிச்சம். உங்கள் லெப்டொப் சரி வந்தால் கொப்பியில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போக வேண்டும், அதுதான் கூலி.

இன்னும் மூன்று ஏ.எல். பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் ஒரே ஒரு போன்தான். அலுமாரிக்கு மேல் ஏதும் கிடக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள்.